சிபாரிசு வேண்டாம், பரிந்துரை வேண்டும்!

நாட்டிலே இரண்டு வகையான கடிதங்கள் நடமாடுகின்றன. "இதைக் கொண்டுவருபவர் நமக்கு வேண்டியவர், ஆவன செய்து தருக" என்று செல்வாக்குள்ளவர் எழுதித் தருவது ஒரு வகை. "இவருக்கு இன்ன நோய் இருக்கலாமென ஐயுறுகிறேன், இன்னின்ன சோதனை செய்தேன், இன்ன மருந்து கொடுத்தேன், தங்கள் கருத்தை அறிய அனுப்புகிறேன்" என்று ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதுவது மற்றொரு வகை. முன்னதன் பெயர் சிபாரிசு. பின்னதன் பெயர் பரிந்துரை. அகராதியிலே இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் நோயுற்ற ஏழையின் வாழ்விலே இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம், சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம்!

சிபாரிசுக்கு நம் நாட்டிலே பஞ்சமில்லை. வட்டத்திலே கிடைக்கும், வார்டிலே கிடைக்கும், சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலிலே கிடைக்கும். பரிந்துரைக்குத்தான் பஞ்சம். நல்ல மருத்துவர் ஒருவர் தன் கைப்பட எழுதி, நோயின் வரலாற்றை நாலு வரியில் சொல்லி, தக்க நிபுணரிடம் அனுப்பிவைக்கும் கடிதம் பாட்டாளியின் கைக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. ஏன் வருவதில்லை, வருவதற்கு நாம் செய்யவேண்டியது என்ன என்பதைத் தோழர்கள் சிந்திக்கவேண்டும்.

துண்டுச் சீட்டு

சிற்றூரிலே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார் ஒரு தொழிலாளி. அல்லது ஆலைப் பகுதியிலே உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகிறார். அல்லது கையில் காசு இருந்த நாளில் தெருமுனைக் கிளினிக்குக்குப் போகிறார். நோய் அங்கே தீரக்கூடியதல்ல என்று தெரிகிறது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்கிறார்கள். கையிலே என்ன கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு! அதிலே பெயர் இருக்கும், வயது இருக்கும். "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அடியிலே யார் போட்டதென்று புரியாத ஒரு கையெழுத்து இருக்கும்.

எந்தத் துறைக்கு? எழுதவில்லை. என்ன ஐயத்தின்பேரில்? எழுதவில்லை. இதுவரை என்ன மருந்து, எத்தனை நாள்? எழுதவில்லை. சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா? எதுவும் எழுதவில்லை!

விடியற்காலை முதல் பஸ் பிடித்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து சேருகிறார். சீட்டு வாங்க ஒரு வரிசை. பொதுப் பிரிவிலே ஒரு வரிசை. "இது இங்கே இல்லை, அந்தக் கட்டடம்" என்று அனுப்ப, அங்கே ஒரு வரிசை. அங்கே இருக்கும் மருத்துவர் முதலிலிருந்து கேட்கிறார். தொழிலாளிக்குச் சொல்லத் தெரிந்தது, "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்பதுதான். சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையை மறுபடியும் எடுக்கிறார்கள். முடிவு நாளைக்கு. நிபுணர் வருவது வியாழக்கிழமை. ஆக, ஒரு நாளில் முடியவேண்டியது மூன்று நாளாகிறது. மூன்று நாள் கூலி போயிற்று. துணைக்கு வந்த மனைவியின் மூன்று நாள் கூலியும் போயிற்று. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. மருத்துவம் இலவசம், ஆனால் அதைத் தேடி அலைவது இலவசமல்லவே! நான்காவது தடவை போகக் கூலி இழக்க முடியாமல், பாதியிலே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். நோய் அவரை விட்டுவிடுவதில்லை.

எல்லா இடத்திலும் எல்லா மருத்துவரும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. நூறு பேரைப் பார்த்துக் களைத்த கையோடும் பக்கம் முழுக்க எழுதி அனுப்புகிற மருத்துவர்கள் உண்டு; அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் நல்ல கடிதம் என்பது நல்ல மனிதர் வாய்த்தால் கிடைக்கும் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. அது முறையாக இருக்கவேண்டும், உரிமையாக இருக்கவேண்டும்.

பஞ்சுத் தூசியும் ஒரு வரியும்

ஒரு வரி எழுதுவதாலும் எழுதாமல் விடுவதாலும் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு.

நூற்பாலையிலே, பஞ்சு உடைக்கும் புளோரூமிலும் கார்டிங் பகுதியிலும் 20 ஆண்டு உழைத்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வார விடுமுறை முடிந்து ஆலைக்குள் நுழைகிற முதல் நாளில் அவருக்கு மார்பு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. அடுத்தடுத்த நாட்களில் சற்றே தணிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, எல்லா நாளும் இறுக்கமாகவே ஆகிவிடுகிறது. இது பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்னும் நோய். பிசினோசிஸ் என்று பெயர். இந்நோய் தொழில்நோய்ப் பட்டியலிலே இடம்பெற்றிருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்று நிலைநாட்டப்பட்டால், இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு அதற்குரிய நிவாரணம் உண்டு.

இப்போது அந்தத் துண்டுச் சீட்டைப் பாருங்கள். "இருமல், மூச்சிரைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், பார்க்கிறவர் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "நூற்பாலைத் தொழிலாளி, கார்டிங் பகுதி, 20 ஆண்டு, விடுமுறைக்குப் பின் முதல் நாளில் மூச்சிறுக்கம் மிகுகிறது" என்று ஒரே ஒரு வரி இருந்தால், நிபுணரின் எண்ணம் உடனே சரியான திக்கிலே ஓடும். அந்த ஒரு வரியிலே அவருடைய நோயும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது!

கல்குவாரியிலும் கல்லுடைக்கும் ஆலையிலும் வேலை செய்வோருக்கு வரும் சிலிகோசிஸ் நோயின் கதையும் இதுதான். மார்புப் படத்திலே நிழல் தெரியும். காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்குரிய மருந்தைக் கொடுப்பதும் உண்டு. "என்ன தொழில் செய்கிறார்?" என்ற கேள்வி கடிதத்திலே இல்லாததால், தொழில் தந்த நோய் தொழிலாளியின் தலைவிதியாக மாற்றப்படுகிறது. முதலாளி தப்பிக்கிறார், தூசி பறந்துகொண்டே இருக்கிறது.

யார் செய்த தர்மம்?

ஒரு காலத்திலே சர்க்கார் மருத்துவமனைக்கு "தர்மாஸ்பத்திரி" என்று பெயர். இன்றும் முதியவர்கள் வாயிலே அந்தச் சொல் வருகிறது. தர்மம் என்று சொன்னால், கொடுப்பதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போகவேண்டும், கேள்வி கேட்கக்கூடாது. அந்தச் சொல் ஒழிந்தாலும் அந்த எண்ணம் ஒழியவில்லை. "இலவசமாகப் பார்ப்பதே பெரிது, இதில் கடிதம் வேறா?" என்ற குரல் இன்னும் கேட்கிறது.

யார் செய்த தர்மம் இது? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறான் ஏழை. செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறான். இ.எஸ்.ஐ. தொழிலாளியின் கணக்கு இன்னும் தெளிவானது. 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-இல் கோவைக்கு வந்த திட்டம் அது. 2019 ஜூலை முதல், சம்பளத்திலே தொழிலாளி 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் கட்டவேண்டும் என்பது விகிதம். மாதம் 20,000 ரூபாய் சம்பளமென்றால் தொழிலாளி 150 ரூபாய், முதலாளி 650 ரூபாய். ஆக மாதந்தோறும் 800 ரூபாய். ஆண்டுக்கு 9,600 ரூபாய்! நோய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டுகிறான். இது தர்மமா? முன்பணம் கட்டிவிட்டுப் பொருளைக் கேட்பவனுக்குப் பிச்சைக்காரன் என்றா பெயர்?

படிப்படியாக நோயாளியை மேலே அனுப்பும் இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததுமல்ல. 1946-இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதிலே உறுப்பினராக இருந்தவர் நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டு வீற்றிருந்தவர். கிராமத்திலே ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேலே ஒரு மருத்துவமனை, அதற்கு மேலே மாவட்டத்திலே பெரிய மருத்துவமனை என்று ஏணி போல அமைக்கச் சொன்னது அந்தக் குழு. பின்னர் அவரே தலைமை தாங்கிய குழு, 1962-இல், மாவட்ட மருத்துவமனைகளிலே நிபுணர்களை அமர்த்தி வலுப்படுத்துக என்று கூறியது. ஏணியை நட்டார்கள், நல்லது. தமிழ்நாடு அதிலே மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாகவும் விளங்குகிறது, அதுவும் நல்லது. ஆனால் ஒரு படியிலிருந்து மறு படிக்கு ஏறுகிறவனின் கையைப் பிடித்து ஒப்படைக்கவேண்டாமா? அந்தக் கைப்பிடிதான் பரிந்துரைக் கடிதம். கைப்பிடி இல்லாத ஏணியிலே நோயாளியை ஏறச்சொன்னால், வலுவுள்ளவன் ஏறுவான், வலுவற்றவன் விழுவான்.

விதி இருக்கிறது, வழக்கம் இல்லை

நாம் கேட்பது புதுமையா? இல்லை. மருத்துவர்களின் ஒழுக்கத்துக்கென 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிகளிலே இது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மருத்துவர் நோயாளியை நிபுணரிடம் அனுப்பும்போது, நோயின் சுருக்கத்தை எழுதித் தரவேண்டும்; நிபுணர் தம் கருத்தை அனுப்பிய மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்கிறது விதி. போகும் கடிதம் ஒன்று. திரும்பி வரும் கடிதம் ஒன்று! 2023-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளே இன்னொன்றும் சொல்லுகின்றன: நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும். மற்றொன்றும் சொல்லுகின்றன: நோயாளியை அனுப்பியதற்காக எந்த மருத்துவரும் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளர் உரிமைப் பட்டயமும், வாணிப நோக்கம் கலவாத முறையான பரிந்துரை பெறுவது நோயாளியின் உரிமை என்கிறது.

விதி இருக்கிறது; வழக்கம் இல்லை. ஏட்டிலே சர்க்கரை இருக்கிறது. நாக்கிலே இனிப்பு இல்லை.

மூன்று கேடுகள்

பரிந்துரையைக் கெடுக்கும் கேடுகள் மூன்று.

முதற்கேடு, பிடித்து வைப்பது. தன்னால் தீர்க்க முடியாது என்று தெரிந்த பிறகும், வாரக்கணக்கில் ஊசி போட்டு, மாத்திரை மாற்றி, நோயாளியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. வாயிலே ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால், அதுவும் புகையிலை போடுகிறவர் வாயிலென்றால், காத்திருக்க நேரமில்லை. சதையைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் இடத்துக்கு அனுப்பியாகவேண்டும். மலத்திலே இரத்தம் தொடர்ந்து போனால், பரிசோதித்துப் பாராமலே மூலம் என்று முடிவு கட்டிக் களிம்பு கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், 1954-இல் அடையாறிலே புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். நோயாளி காலத்தோடு வந்தால்தானே அப்படிப்பட்ட மருத்துவமனைகள் காப்பாற்ற முடியும்? நோய் முற்றிய பிறகு அனுப்புவது பரிந்துரையல்ல, வழியனுப்புதல்!

இரண்டாவது கேடு, கைகழுவுவது. இது முன்னதற்கு நேர் எதிர். தொட்டுப் பாராமலே, கேட்டுப் பாராமலே, "பெரிய ஆஸ்பத்திரி" என்று எழுதித் தள்ளிவிடுவது. கீழே தீர்க்கக்கூடிய காய்ச்சலும் தலைவலியும் மேலே போய்க் குவிகின்றன. அந்தக் கூட்டத்திலே, உண்மையாகவே நிபுணர் பார்க்கவேண்டியவன் நசுங்குகிறான்.

மூன்றாவது கேடு, தரகு. இது தனியார் உலகத்தின் தொற்றுநோய். எந்த ஸ்கேன் நிலையம் பங்கு தருகிறதோ அங்கே சீட்டு. எந்த மருத்துவமனை உறை கொடுக்கிறதோ அங்கே நோயாளி. கடிதம் மட்டும் அழகாக அச்சடித்த தாளிலே இருக்கும். அதிலே எழுதப்படாத ஒரு வரி உண்டு — இவன் தலைக்கு இவ்வளவு என்று! மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விற்கப்படுவது மாடு. இங்கே விற்கப்படுவது வட்டிக்குக் கடன் வாங்கி வந்த மனிதன்.

எழுதினால் உயிர் பிழைக்கிறது

கடிதமும் காகிதமும் உயிரைக் காக்குமா என்று ஐயுறுகிறவர்களுக்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

2022-இல் தமிழ்நாட்டிலே காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கிற்று. காசநோய் என்று கண்டறியும்போதே நோயாளியிடம் சில குறிகளைப் பார்க்கிறார்கள். உடல் மிக மெலிந்திருக்கிறதா? மூச்சுத் திணறல் உண்டா? துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? பார்த்ததை எழுதுகிறார்கள். ஆபத்துக்குறி உள்ளவரை, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாமல், மருத்துவமனையிலே சேர்க்க அனுப்புகிறார்கள். புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. யாரை உடனே அனுப்பவேண்டும் என்பதை முறையாகக் கேட்டு, முறையாக எழுதினார்கள். அதனாலேயே தொடக்க வாரங்களில் நேர்ந்த சாவுகள் குறைந்தன.

2023-இல் வந்தது இதயம் காப்போம் திட்டம். மார்பு வலியோடு வருகிறவருக்குக் கிராமத்து நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாத்திரை கொடுத்தது எத்தனை மணிக்கு, எந்த அளவு, வலி தொடங்கியது எப்போது, இ.சி.ஜி.யிலே தெரிந்தது என்ன — இவை நோயாளியோடு சேர்ந்து பயணப்படவேண்டும். 108 வண்டி உடலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நோயின் வரலாற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடிதம் ஒன்றுதான்!

உலகிலே இதை ஒரு நாடு முழுவதற்கும் நடத்திக்காட்டியவர்கள் உண்டா என்றால், உண்டு. பிரிட்டனிலே 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கப்பட்டது. அதைக் கட்டியவர் அனூரின் பெவன். வேல்ஸ் நாட்டிலே சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமே 13 வயதிலே சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவர் பிறந்த டிரடீகர் ஊரிலே, தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் போட்டு மருத்துவச் சங்கம் நடத்திவந்தார்கள். நாடு முழுவதற்கும் அதை விரிக்கமுடியும் என்று கண்டார் பெவன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர். அவசர நிலை போன்ற சில தவிர, நிபுணரிடம் போகும் பாதை அந்த மருத்துவரின் கடிதம் வழியாகத்தான். பார்த்த நிபுணர் திருப்பி எழுதுகிறார். இன்று அங்கே காத்திருப்போர் வரிசை நீண்டுகிடக்கிறது. ஆளும் பணமும் போதவில்லை. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், சீமானுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரே மாதிரிக் கடிதம் என்ற நெறியை ஒரு தொழிலாளியின் மகன் நிலைநாட்டினார் என்பதும் மறைக்கக்கூடியதல்ல.

மறுப்பும் விடையும்

"ஒரு காலை வேளையிலே நூறு நூற்றைம்பது பேரைப் பார்க்கும் மருத்துவர் எப்படி ஐயா பக்கம் பக்கமாக எழுதுவார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் சண்டை மருத்துவரோடல்ல. காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்பாமல், இருப்பவர் முதுகிலேயே சுமையை ஏற்றும் நிர்வாகத்தோடுதான். ஆனால் நாம் கேட்பது பக்கம் பக்கமாக அல்ல, பத்தே வரி. பெயர், வயது, தொழில், பழைய நோய்கள், சோதனை முடிவுகள் ஆகியவற்றைச் செவிலியரோ பதிவு எழுதுபவரோ நிரப்பலாம். மருத்துவர் எழுதவேண்டியது மூன்றே வரி: நான் கண்டது இது; நான் செய்தது இது; நான் தங்களிடம் கேட்பது இது. இந்த மூன்று வரிக்கு ஆகும் இரண்டு நிமிடம், மேலே உள்ள மருத்துவருக்கு இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

"கணினி வந்துவிட்டது, எண்ணைத் தட்டினால் எல்லாம் தெரியும், கடிதம் எதற்கு?" என்பார் வேறு சிலர். வரட்டும், மகிழ்ச்சி. தாளுக்குப் பதில் திரையிலே எழுதுங்கள். எழுதாததைக் கணினி எங்கிருந்து காட்டும்? வெறும் சீட்டைக் கணினியிலே ஏற்றினால், அது வெறும் கணினிச் சீட்டு, வேறென்ன?

"படிப்பறிவில்லாதவன் கையிலே கடிதம் கொடுத்து என்ன பயன்?" என்பதும் ஒரு வாதம். அந்தக் கடிதத்திலே நாலு வரி தமிழில் இருந்தால், அவன் படிப்பான்; அவனால் முடியாவிட்டால் அவன் பிள்ளை படிக்கும். எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்த நாள், என்ன குறி தெரிந்தால் காத்திராமல் ஓடிவரவேண்டும் — இவற்றைத் தமிழிலே எழுதத் தடை என்ன? நோய் தமிழனுக்கு, நோயின் விவரம் மட்டும் அவனுக்குப் புரியாத மொழியிலா?

தோழர்களுக்கு ஒரு வார்த்தை

இனி, நம் தோழர்களுக்கு. கசப்பாக இருந்தாலும் கேட்கவேண்டும்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் கொடுங்க" என்று உங்களிடம் வருகிறார்கள். நீங்கள் கிளைச் செயலாளர். உங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. லெட்டர்பேடை எடுத்து எழுதுகிறீர்கள். அல்லது போனை எடுத்து யாரையோ அழைக்கிறீர்கள். உங்கள் ஆள் வரிசையிலே முன்னே போகிறார். அப்போது, வரிசையிலே பின்னே தள்ளப்பட்டவர் யார்? அவரும் ஒரு தொழிலாளிதானே! அவருக்கு ஒரு வட்டச் செயலாளரைத் தெரியாது என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் என்ன? ஒருவேளை அவர் நோய் இன்னும் கொடியதாக இருந்திருந்தால்?

அதுமட்டுமல்ல. உங்கள் கடிதம் கதவைத் திறக்கும், நோயைச் சொல்லாது. அதிலே உங்கள் பதவி இருக்கும்; அவர் குடித்த மருந்தின் பெயர் இருக்காது. வரிசையைத் தாண்டி உள்ளே போனவர், உள்ளே போய் அதே "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை"தான் சொல்லுகிறார்.

ஆகவே, சிபாரிசு எழுதும் நேரத்திலே வேறொன்று செய்யுங்கள். நோயாளியோடு முதல் மருத்துவரிடமே போங்கள். பணிவாகவும் தெளிவாகவும் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த நோயென்று ஐயுறுகிறீர்கள்? எந்தத் துறைக்கு, எந்த நாளில் போகவேண்டும்? இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் என்ன? சோதனை முடிவுகளின் நகல் தருவீர்களா? எந்தக் குறி தெரிந்தால் நாள் பாராமல் ஓடவேண்டும்? இவற்றைக் கடிதத்திலே எழுதித்தரக் கேளுங்கள். செய்கிற தொழிலை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். நிபுணரைப் பார்த்து முடித்ததும், அனுப்பிய மருத்துவருக்குப் பதில் எழுதித்தரக் கேளுங்கள். அந்தப் பதிலைக் கொண்டுபோய் முதல் மருத்துவரிடம் கொடுங்கள். ஏனெனில் மாதாமாதம் அவரைப் பார்க்கப்போகிறவர் அந்த ஊர் மருத்துவர்தான்.

செவிலியரிடம் குரலை உயர்த்தாதீர்கள், அவரும் உழைப்பாளி. ஒவ்வொரு படிப்பகத்திலும் இந்த ஐந்து கேள்விகளையும் அச்சடித்து ஒட்டுங்கள். ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும், சீட்டுகளையும் சோதனைத் தாள்களையும் தேதிவாரியாக ஒரே உறையிலே போட்டு வைக்கப் பழக்குங்கள். ரேஷன் கார்டைக் காப்பாற்றுகிற கைகளுக்கு இது கடினமல்ல.

நாம் கேட்பது

ஆட்சியிலே யார் இருந்தாலும், அவர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: எல்லா அரசு நிலையங்களுக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களுக்கும் பொதுவாக, ஒரே பக்கத்தில் ஒரு பரிந்துரைப் படிவம். அதிலே "தொழில்" என்ற கட்டாயக் கட்டம். நோயாளிக்கான பகுதி தமிழில்.

இரண்டு: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும், பரிந்துரையோடு வருகிறவருக்கென்று தனி மேசை, கீழிருந்தே நாளும் நேரமும் குறித்து அனுப்பும் ஏற்பாடு.

மூன்று: நிபுணரின் பதில் கடிதம் இல்லாமல் எந்த நோயாளியும் திரும்பக்கூடாது என்ற கண்டிப்பான உத்தரவு.

நான்கு: காலியிடங்களை நிரப்பி, கீழ்நிலையிலே மருத்துவருக்கு நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் எழுதவும் நேரம் உண்டாக்குதல்.

ஐந்து: கமிஷன் வாங்குவோர்மீதும் கொடுப்போர்மீதும், ஏட்டிலே தூங்கும் விதியை எழுப்பி நடவடிக்கை.

இவற்றிலே எதற்கும் மலையைப் புரட்டவேண்டியதில்லை. அணை கட்டும் செலவு இல்லை. ஆலை கட்டும் செலவு இல்லை. ஒரு தாள், ஒரு மேசை, தொழிலாளியும் மனிதன் என்ற நினைப்பு. பிறகு ஆட்களை அமர்த்தும் மனம்!

தோழர்களே! சிபாரிசு கேட்டு நிற்பவன் தலைகுனிந்து நிற்கிறான். பரிந்துரை கேட்டு நிற்பவன் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஏனெனில் அவன் கேட்பது தன் பணத்துக்குரியது, விதியிலே உள்ளது, உடம்புக்கு வேண்டியது. அடுத்தமுறை "ஒரு லெட்டர் கொடுங்க" என்று வருகிற தொழிலாளியிடம் சொல்லுங்கள்: "கொடுக்கவேண்டியவர் நானல்ல, மருத்துவர். வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்!"